சில்லுக்கு அடியில் தேசிக்காய்

இந்த வருடத்தின் முதல் பனி இன்று காலை விழுந்தது. வாசலைத் துப்புரவாக்கப் பனி அள்ளும் சவள் எடுக்கலாம் என்று கராஜுக்குள் போனேன். கதவைத் திறந்ததும் அந்த மணம் வந்தது, ரயரும் தேசிக்காயும் சேர்ந்த மணம். இந்த நகரத்தில் வேறெந்த வீட்டிலும் இந்த இரண்டும் ஒன்றாக மணக்க வாய்ப்பில்லை. உங்கள் காரின் முன் சில்லைக் குனிந்து பார்த்தேன். குனிவது இப்போது எனக்குச் சிறிய வேலை இல்லை. ரயரின் பள்ளத்தில் காய்ந்த தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஓகஸ்ட் மாதத்துத் தோல். அதைப் பிடுங்கி எறிய மனம் வரவில்லை. சவளையும் எடுக்காமல் உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். வாசலில் பனி கிடக்கட்டும். மாநகரசபைக்காரன் வந்தால் நீங்கள் பதில் சொல்லுங்கள்.

நீங்கள் போன பிறகு நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கேட்காதீர்கள். சொல்லி முடித்த பிறகும் எனக்கு அது தெரியப்போவதில்லை.

தேசிக்காய்க் கதை உங்களுக்கு நினைவிருக்கும். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டை விட்டு வெக்ஸ்போர்ட்டில் இந்த வீட்டை வாங்கிய அடுத்த வசந்தம். எனக்காக வாங்கிய வீடு என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். கராஜுக்காக வாங்கியது என்று எனக்குத் தெரியும். யாரோ உங்களிடம் திருத்தக் கொண்டுவந்து, பிறகு வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு பழைய நான்கு சிலிண்டர் காரின் ஆசனங்களைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயால் கூடு பற்றவைத்து, அதைப் பந்தயக் கார் ஆக்கினீர்கள். நகரத்துக்கு வடகிழக்கே, சோள வயல்களுக்கு நடுவில், முட்டை வடிவத்தில் சிறிய பந்தயத் திடல் ஒன்று. மே முதல் செப்டெம்பர் வரை சனிக்கிழமை தோறும் அங்கே ஓட்டம். ஒருவரோடு சுகம் விசாரித்து முடிப்பதற்குள் கார் ஒரு சுற்றை முடித்துவிடும். அந்தச் சிறிய வட்டத்தையே திரும்பத் திரும்பச் சுற்றுவதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒரு சுற்று மற்றச் சுற்று மாதிரி இராதப்பா" என்றீர்கள். கன்னியர்மடத்தில் செபமாலை உருட்டிய சிஸ்ரர்மாரும் கிட்டத்தட்ட இதையே சொன்னதால் விட்டுவிட்டேன்.

முதல் நாளே, சில்லு ஒவ்வொன்றுக்கும் அடியில் தேசிக்காய் வைத்துக் காரை ஏற்ற வேண்டும் என்று நின்றீர்கள். அதை வீட்டிலேயே செய்துவிட்டுப் போகலாம், வெள்ளைக்காரர் பார்க்கப் போகிறார்கள் என்றேன். ஓடுகிற மண்ணில்தான் வைக்க வேண்டும் என்பது உங்கள் பிடிவாதம். காய்கள் நசிந்தன. நீங்கள் நிம்மதியாகக் காரை ஓட்டத்துக்கு முந்திய சோதனைக்குக் கொண்டுபோனீர்கள். வினை அங்கேதான் இருந்தது. ரயரை மென்மையாக்கி நிலத்தை இறுகப் பிடிக்க வைப்பதற்குச் சிலர் கள்ளமாக ஒரு திரவம் பூசுவார்களாம். அது தோடம்பழத் தோல் மாதிரி மணக்குமாம். நமக்கு யார் சொன்னார்கள்? சோதிக்கிறவர் ரயருக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனார். நிமிர்ந்து உங்களைப் பார்த்தார். அடுத்த ரயரை மணந்தார். எல்லாம் ஒரே மணம். இந்தக் கார் இன்றைக்கு ஓடாது என்றுவிட்டார். நீங்கள் "லெமன், கோட், லெமன்" என்று ரயரையும் வானத்தையும் மாறி மாறிக் காட்டினீர்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

சேலைக்கு மேல் குளிர் அங்கியோடு அலுவலக அறைக்குள் போனேன். திடலின் சொந்தக்காரி டொறத்தி அங்கே இருந்தார். கணவர் விட்டுப்போன இடத்தைத் தனியாக நடத்திக்கொண்டிருந்த மனுஷி. மடத்தில் படித்த ஆங்கிலம் முழுவதையும் அன்று அங்கே செலவழித்தேன். அது மருந்து இல்லை, பழம். எங்கள் கடவுளுக்காக நசித்தது. என் கைப்பையில் இன்னும் ஒன்று இருக்கிறது, மணந்து பாருங்கள் என்றேன். டொறத்தி அதை வாங்கி மணந்தார். நகத்தால் கீறி நாக்கில் தொட்டுப் பார்த்தார். முகம் சுளித்தது. இந்த அம்மா பொய் சொல்லுகிற ஆளில்லை, ஓடவிடு என்று சோதிக்கிறவரிடம் சொன்னார். அன்றைய ஓட்டத்தில் நீங்கள் கடைசியாக வந்தீர்கள். உங்கள் தேசிக்காய் என்ன செய்தது என்று கேட்டேன். "உயிரோட வந்தனான்தானே" என்றீர்கள்.

அதன்பிறகு சோதனை முடிந்த பின்தான் தேசிக்காய் என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஒவ்வொரு பருவத்தின் முதல் சனிக்கிழமையும் அந்தச் சோதிக்கிறவரே வந்து, பழம் எங்கே என்று கேட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். மற்ற ஓட்டக்காரரும் ஒன்று தா என்று கேட்கத் தொடங்கினார்கள். நீங்கள் எல்லாருக்கும் கொடுத்தீர்கள். எதிராளிக்கும் காவலைக் கொடுத்துவிட்டுப் பிறகு எப்படி வெல்வது என்று கேட்டால் சிரிப்பீர்கள்.

டொறத்தி அன்று சொன்ன அந்த ஒரு வசனத்துக்கு நீங்கள் ஆயுள் முழுவதும் கடமைப்பட்டிருந்தீர்கள். வேறு திடல்காரர் கூப்பிடும்போதெல்லாம் இதைத்தான் சொல்வீர்கள்: "ஆரெண்டு தெரியாமலே எங்களை நம்பினவ. அவவை விட்டிட்டு வேற கேற்றால உள்ள போறதோ?" எனக்கு அது பெருமையாக இருந்தது. கோயிலில், கலியாண வீட்டில், கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டு மனிதர் நின்ற இடத்தில் நிற்பவர் என்று.

அந்த நல்ல காலத்தில் உங்கள் நான்கு சிலிண்டர் வகுப்புக் கார்களை நிறுத்த இடம் போதாது. முன்னோட்டம் வைத்துக் கழித்த பிறகுதான் மிச்சப் பேர் பிரதான ஓட்டத்துக்குப் போகலாம். சிறி எங்கள் பேஸ்மென்றில் வந்து தங்கியதும் அப்போதுதான். அகதியாக வந்து, பகலில் தொழிற்சாலையும் மாலையில் உங்கள் கராஜுமாக இருந்தான். அடுத்த வருடமே தனக்கு ஒரு கார் கட்டினான். மூன்றாம் வளைவில் உங்களை உள்பக்கத்தால் கடந்து முதன்முதலாக வென்ற சனிக்கிழமை, வென்றவனைவிட நீங்கள்தான் கூடத் துள்ளினீர்கள். வரும் வழி முழுவதும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தீர்கள். "மரியாதை தெரியாத பெடியன். மூத்தவனுக்கு வழி விடத் தெரியேல்ல" என்று. ரக்கின் பின் ஆசனத்தில் இருந்து அவன் "வழி விட்டா நீங்கள்தான் முதல் திட்டுவியள் அண்ணை" என்றான். மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு எப்படிக் குறைந்தது என்று ஒருவராலும் ஒரு நாளைக் காட்டிச் சொல்ல முடியாது. ரயர் விலை ஏறியது. பழைய கார்கள் கிடைப்பது அரிதாயிற்று. சோளம் நின்ற இடத்தில் வீடுகள் வந்தன. இரைச்சல் என்று வீட்டுக்காரர் முறையிட்டார்கள். முன்னோட்டங்கள் நின்றன. கிழக்கே இருந்த மற்றத் திடல் தன் ஓட்டத்தை வெள்ளியிலிருந்து சனிக்கு மாற்றியபோதுதான் உண்மையான சோதனை வந்தது. அங்கே பரிசுப் பணமும் அதிகம். ஒரே மாலையில் இரண்டு இடத்தில் ஒரு கார் ஓடாது. ஒவ்வொருவராகக் கிழக்கே போனார்கள். ஓட்டக்காரர் கூட்டம் ஒன்றில் நீங்கள் எழும்பி, எட்டுக் காருக்குக் குறைந்தால் அது ஓட்டம் இல்லை, ஊர்வலம் என்றீர்கள். அன்றைக்கு யாரும் அவ்வளவு குறையும் என்று நினைக்கவில்லை. டொறத்தி அதையே விதியாக்கினார். எட்டு இல்லாவிட்டால் அந்த வகுப்புக்கு அன்று தனி ஓட்டம் இல்லை.

சிறியும் போனான். ஆனால் அவன் மற்றவர்களைப் போலச் சொல்லாமல் போகவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிய நேரே கராஜுக்கு வந்தான். அப்போது பிறம்ரனில் வீடு வாங்கி, பாரவண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நீங்கள் காருக்கு அடியில் கிடந்தீர்கள். வெளியே தெரிந்தது உங்கள் இரண்டு கால்களும்தான். அவன் அந்தக் கால்களைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் சொன்னான். பிள்ளைகள், செலவு, அங்கே வென்றால் ரயருக்காவது வரும் என்பது. நான் மூன்று கோப்பைத் தேநீரோடு உள்கதவில் நின்றேன். காருக்கு அடியிலிருந்து உங்கள் குரல் வந்தது.

"போறதெண்டா போ. போனா, டொறத்தியின்ர கேற்றுக்குள்ள திரும்பக் கால் வைக்காத."

நீங்கள் வெளியே வருவீர்கள் என்று அவன் கொஞ்ச நேரம் நின்றான். நானும் நின்றேன். ஸ்பனர் ஒன்று நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டது. நீங்கள் வரவில்லை. அவன் என்னிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். மூன்றாவது கோப்பையைக் குசினித் தொட்டியில் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு அவன் பெயர் நம் வீட்டில் வரவில்லை. உங்கள் இறுதிக் கிரியைக்கு வந்தான், பின்வரிசையில் நின்றான், சாப்பிடாமல் போனான். வீட்டில் வைத்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு வரவில்லை. நன்றி கெட்டவன் என்று நினைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

உங்கள் பெயரில் வருடம் ஒரு ஓட்டம் வைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. டொறத்தியின் ஏற்பாடு. ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை. உங்கள் காரை எங்கள் கராஜிலிருந்து கொண்டுபோய், ஓட்டத்துக்கு முன் யாராவது மெதுவாக ஒரு சுற்று உருட்டி வருவார்கள். எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். இந்த வருடம் டொறத்தி ஜூலையிலேயே தொலைபேசி எடுத்தார். எவ்வளவு எண்ணிப் பார்த்தாலும் ஏழுக்கு மேல் கார் வராது போலிருக்கிறது. அன்றைக்கு மட்டும் விதியைத் தளர்த்தட்டுமா என்று கேட்டார். அது நீங்கள் சொன்ன விதி, உங்கள் ஓட்டத்துக்கே அதை வளைக்க வேண்டாம் என்றேன். மறுமுனையில் டொறத்தி சிரித்தார். புருஷனும் பெண்சாதியும் ஒரே அச்சு என்றார்.

சொல்லிவிட்டேனே தவிர எனக்கு நெஞ்சு ஆறவில்லை. உங்கள் பெயரிலான ஓட்டம் உங்கள் வாயாலேயே நின்றுபோகப் பார்த்தது. அதனால் நான் ஒருநாளும் செய்யாத வேலையைச் செய்தேன். பழைய ஓட்டக்காரருக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தேன். ஒருவர் காரை விற்றுவிட்டார். ஒருவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. இரண்டு பேர் மட்டும் வேறு மாதிரிப் பேசினார்கள். வர விருப்பம்தான், ஆனால் உங்கள் கணவர் எங்களுக்குச் சொன்னதை நினைத்தால் அந்தக் கேற்றைத் தாண்ட முகமில்லை என்றார்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன். சிறிக்குச் சொன்ன அதே வசனத்தைச் சொன்னார்கள், ஆங்கிலத்தில். உங்களுக்கு அவ்வளவு ஆங்கிலம் வரும் என்று எனக்குத் தெரியாது.

கடைசியாகத்தான் சிறிக்கு எடுத்தேன். பெருஞ்சாலை ஓரத்தில் பாரவண்டியை நிறுத்திவிட்டுப் பேசினான். எங்கள் திடலிலிருந்து கிழக்கே போய், அங்கே பேரெடுத்து, இப்போதும் ஓடிக்கொண்டிருப்பவன் அவன் ஒருவன்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, அண்ணை வராத எண்டவர்."

"அது கோவத்தில சொன்னது."

"கோவத்திலதான். எண்டாலும் அவற்ற சொல்லு. அவர் சொல்லி நான் எதைத் தட்டினனான்?"

அவனை நன்றி கெட்டவன் என்று நினைத்திருந்தேனே. இத்தனை வருடமும் அவன் வராமல் இருந்தது உங்கள் சொல்லைக் காப்பாற்ற. முப்பத்தொன்றுக்கு வராததும் அதனால்தானா என்று கேட்டேன். கேற்று என்றால் எந்தக் கேற்று என்று எனக்கு அப்போது விளங்கவில்லை அக்கா, எல்லாக் கேற்றும் என்றே எடுத்தேன் என்றான்.

"சரி. அந்தச் சொல்லை நான் திரும்ப வாங்கிறன்" என்றேன்.

"நீங்கள் எப்பிடி வாங்கிறது? சொன்னது அண்ணை."

"அவற்ற கண்ணாடி எனக்குத்தான் வந்தது. செருப்பு வந்தது. கார் வந்தது. சொல்லு மட்டும் ஆருக்குப் போறது?"

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு "வாறன் அக்கா" என்றான். மற்ற இரண்டு பேருக்கும் மறுபடி எடுத்து அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். நன்றி சொன்னார்கள். ஆனால் அவர்களிடம் இப்போது கார் இல்லை. உங்கள் வாயிலிருந்து வந்தது அவர்கள் கார்களைவிடக் கனகாலம் நின்றுபிடித்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை டொறத்தி கேற்றடியில் மடக்குக் கதிரையில் இருந்தார். இப்போது அவருக்கு என்னைவிட முதுகு வளைந்துவிட்டது. உள்ளே கார் ஏற்றிவந்த ரக்குகளை இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், வெறிச்சென்று தெரியாமலிருக்க. எனக்குத் தெரிந்தது. சிறியின் ரக் வந்து கேற்றில் நின்றது. இறங்கினான். தலை முழுக்க வெள்ளை. டொறத்தி கையை நீட்டினார். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, கேற்றுக் கோட்டுக்கு வெளியிலேயே நின்றான். நான் போய் அவன் முதுகில் கை வைத்தேன். அப்போதுதான் காலை உள்ளே வைத்தான்.

எட்டுக் கார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கையில் சோதனையில் அவனுடைய காரை நிறுத்திவிட்டார்கள். கிழக்கே ஓடுகிற ரயர் வேறு, இங்கே அனுமதித்த ரயர் வேறு. பாரமும் கொஞ்சம் குறைவு. அங்கே சரியானது இங்கே பிழை. ஒரே வகுப்புக்கு இரண்டு திடலிலும் இரண்டு சட்டம் வைத்துக்கொண்டு, கார் வரவில்லையே என்று இரண்டு பேரும் அழுகிறார்கள். டொறத்தி என்னைப் பார்த்தார். நான் தலையசைக்கவில்லை. நீங்களும் அசைத்திருக்க மாட்டீர்கள். ஏழு என்று பலகையில் எழுதினார்கள்.

சிறி தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்வலச் சுற்றுக்காக இறக்கி வைத்திருந்த உங்கள் காரைப் பார்த்தபடி நின்றான். நீங்கள் உயிரோடு இருந்தவரை அந்த ஆசனத்தில் வேறு யாரையும் இருக்க விட்டதில்லை. அதனால் அவன் கேட்கவில்லை. கேட்க மாட்டான் என்று தெரிந்ததால் நான் சொன்னேன்.

"ஏறு தம்பி."

சோதிக்கிறவர் உங்கள் காரைச் சுற்றி வந்தார். ரயர் பழையது, ஆனால் விதிப்படி. கூடு சரி, ஆசனப் பட்டி புதிதாக மாற்றியது. சரி என்று கையைத் தூக்கினார். அதுவரை சிறி காத்திருந்தான். பிறகு என்னிடம் திரும்பி, "கொண்டந்தனீங்களோ?" என்றான். கைப்பையைத் திறந்தேன். கடவுள் நம்பிக்கையால் கொண்டுபோகவில்லை, வழக்கம் என்பதால் கொண்டுபோனேன். அவன் ஒவ்வொன்றாகக் குனிந்து வைத்தான். கார் ஏறியது. காய்கள் நசிந்தன. பொரித்த உருளைக்கிழங்கும் பெற்றோலும் மணந்த அந்த வெளியில் அந்த மணம் ஒருமுறை மேலே எழும்பியது. டொறத்தி கதிரையில் இருந்தபடியே மூக்கைத் தூக்கினார்.

ஓட்டக்காரன் மாறினால் வரிசையின் கடைசியில் தொடங்க வேண்டும் என்பது அங்கே முறை. கடைசியில் தொடங்கினான், கடைசியிலேயே ஓடினான். பச்சைக்கொடி விழுந்த பிறகு ஒரு சுற்றோடு உள்ளே வந்திருந்தாலும் எட்டுக் கார் என்ற கணக்குக்குப் போதும். இயந்திரத்துக்கு வருத்தம் கொடுக்காமல் வா என்றுதான் நானும் சொல்லியிருந்தேன். அவன் வரவில்லை. முன்னால் போனவர்கள் அவனைவிட ஒரு சுற்று கூட ஓடி மறுபடி அவனுக்குப் பின்னால் வந்தபோது, மூன்றாம் வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்கி, ஒவ்வொருவருக்கும் வழிவிட்டான். மரியாதை தெரிந்த பெடியன். நீங்கள் பார்த்திருந்தால் நிச்சயம் திட்டியிருப்பீர்கள்.

உங்கள் ஓட்டம் நடந்தது. எட்டுக் காரோடு, விதிப்படி நடந்தது. அதைச் சொல்லி இந்தக் கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் நான் புறப்படும்போது டொறத்தி என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, அடுத்த வருட அட்டவணையில் இந்த வகுப்பு இல்லை என்றார். வைத்துப் பார்த்தாயிற்று, ஆள் இல்லை. உங்கள் பெயரில் ஓடியதுதான் அந்த வகுப்பின் கடைசி ஓட்டம். எத்தனையோ பேர் விட்டுப்போன பிறகும் நீங்கள் இருந்தவரை உங்கள் கார் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை என்றார் டொறத்தி. நீங்கள் விசுவாசமாக ஒரு காரை உள்ளே கொண்டுபோனீர்கள். அதே விசுவாசத்தால் எத்தனை காரை வெளியே நிறுத்தினீர்கள் என்று நான் அந்த மனுஷிக்கு எப்படிச் சொல்வேன்? போனவன் திரும்பி வர ஒரு சின்ன இடம் விட்டிருக்கலாம். காருக்கு அடியிலிருந்து வெளியே வந்திருக்கலாம். தேநீர் சூடாகத்தான் இருந்தது.

உங்கள் காரைச் சிறிதான் வீட்டுக்குக் கொண்டுவந்து கராஜுக்குள் தள்ளிவிட்டான். அந்த வெள்ளிக்கிழமை நின்ற அதே இடத்தில் நின்று நிலத்தைப் பார்த்தான், உங்கள் கால்கள் இன்னும் அங்கே நீட்டிக்கொண்டிருக்கின்றன போல. தேநீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்து, சீனி காணாது அக்கா என்றான். சீனி போட்டுக் கொடுத்தேன். போகும்போது கேற்றில் கை வைத்துக்கொண்டு, "அண்ணை கோவிக்க மாட்டாரோ?" என்றான். கோவிச்சால் என்னோடு கோவிக்கட்டும் என்றேன். அவனுடைய முகம் லேசாகிப் போனதை ரக் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் கண்ணாடி மேசை லாச்சியில் இருக்கிறது. செருப்பு வாசலில் இருக்கிறது. கார் தன் இடத்தில் இருக்கிறது. ரயரில் அந்தத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த மே மாதம் அதற்கு மேல் இன்னொன்று நசியப்போவதில்லை. அவனிடமிருந்து நான் திரும்ப வாங்கிய சொல்லுக்குத்தான் இந்த வீட்டில் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு காலமும் அவன் அதைச் சுமந்தான். வாங்கும்போது அதன் பாரம் எனக்குத் தெரியாது. சொன்னவரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் நீங்கள் இல்லை. ஆகவே அது என்னோடு இருக்கிறது. நான் வரும்போது கொண்டுவருகிறேன். அப்போதாவது காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.